இசக்கிசெல்வி அக்கா கையில இன்னும் கழட்டாத காப்பு

இன்னைக்கு காலைல கிங்ஸ் சர்க்கிள்ல இசக்கிசெல்வி அக்காவ நேர்ல பாத்துட்டேன். ட்ரெயின்ல நின்னுக்கிட்டே டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. இத எழுதி முடிக்காம ஆபீஸ்ல எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

ஃபுட்பாத்துல அஞ்சாறு பொண்ணுங்க வரிசையா ஓடிட்டு வர்றாங்க. ஒருத்தன் பைக்க ஃபுட்பாத் மேலயே ஏத்தி, ஹார்ன் அடிச்சு, கடைசியா வந்த பொண்ணு தோள்ல கண்ணாடியால இடிச்சுட்டுப் போறான். முன்னாடி ஓடிட்டிருந்த ஒரு அக்கா திரும்பினாங்க. அடுத்து நான் பாத்தப்ப பைக் ஒரு பக்கம் கிடக்கு, அவன் காலர் அக்கா கையில இருக்கு.

"க்யா ரே? இம்மாம் பெரிய ரோடு பத்தலையா ஒனக்கு?"

"ஸாரி, ஸாரி..."

"என்கிட்ட எதுக்குல? அவகிட்ட சொல்லு."

சொன்னான். பைக்க தள்ளிக்கிட்டே போனான். காலர விட்ட அந்தக் கை மணிக்கட்டுல ஒரு வெளுத்துப் போன ஆரஞ்சுத் துணிப் பட்டி. அதுக்குக் கீழ கறுப்பா, வளையல் மாதிரி சுத்தி ஒரு தழும்பு. அதப் பாத்ததும்தான் இது யாருன்னு எனக்குப் புரிஞ்சுது. ஓமான் பாலைவனத்துல ஒரு வாரம் ஓடிட்டு வந்த தாராவி அக்கா! எங்க ரன்னிங் குரூப்ல இவங்க பேரு வராத நாளே கிடையாது. வெக்கத்த விட்டு காபிக்குக் கூப்பிட்டேன். வந்துட்டாங்க! அப்புறம் கேட்டதுதான் இதெல்லாம்.

அக்கா பொறந்தது வளந்தது எல்லாம் தாராவி. அப்பா அம்மா நாங்குநேரி பக்கம். வேலை, பிளாஸ்டிக் அரைக்கிற பட்டறையில மூட்டை தூக்கறது. அதுக்கு முன்னாடி காலைல மாட்டுங்காவுல அகிலாண்டம் மாமி வீட்டுல சமையல். மாமி பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க, தினம் ஓடறவங்க. அக்காவுக்கு எப்பவும் லேட் ஆகும், அதனால தாராவியில இருந்து மாட்டுங்காவுக்கு செருப்போட ஓடி வருவாங்க. ஒரு நாள் மாமி ஷூ போட்டுக்கிட்டு ஓடிட்டிருந்தப்ப, அக்கா செருப்புல அவங்களத் தாண்டிப் போயிருக்காங்க. மறுநாளே மாமி ஷூ வாங்கிக் குடுத்துட்டாங்க. இப்படித்தான் ஆரம்பிச்சுது.

அப்புறம் ஒரு ரேஸ்ல ஜெயிச்சாங்க. தெருப் பசங்க ஃபோட்டோ போட்டு பேனர் கட்டினாங்க. அங்கதான் வினை. அக்கா புருஷன் வெயிலுமுத்து, லெதர் பேக் தைக்கிற இடத்துல வேலை. டீக்கடையில அவன் கூட்டாளிங்க விடல.

"ஏல வெயிலு, ஒம் பொண்டாட்டியப் பிடிக்கணும்னா நீ இனி ஃபாஸ்ட் ட்ரெயின்லதான் போணும்!"

சிரிச்சுக்கிட்டேதான் வீட்டுக்கு வந்தானாம். அக்கா தரையில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. பேக்ல ரிவெட் அடிக்கிற சுத்தியல எடுத்தான். அக்காவோட இடது பாதத்தத் தன் காலால மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு, கணுக்கால் மேல அடிச்சான். திரும்பவும் அடிச்சான். திரும்பவும்.

"முதல் அடிக்கு சத்தம்தான் கேட்டுச்சு. தேங்கா ஒடைக்க மாதிரி. என் காலுன்னே எனக்குத் தோணல," அப்படின்னு அக்கா காபிய ஆத்திக்கிட்டே சொல்றாங்க. நான் டம்ளர வச்சுட்டேன்.

அடுப்புல காஞ்சுக்கிட்டிருந்த தோசைக்கல்லப் பிடிச்சு இழுத்து அவன் தாடையில அப்பியிருக்காங்க. கை வெந்துச்சாம், விடலையாம். அவன் மூஞ்சியில இன்னும் அந்த அரைவட்டம் இருக்கு. அவன் மேல போலீஸ் கேஸ். அக்கா கால்ல ப்ளேட், ஸ்க்ரூ. அவன் ஜாமீன்ல வந்து அதே டீக்கடையில உக்காந்து ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னது: "அந்தக் கால வச்சு அவ தெருமுன வரைக்கும் போவா. எதையாவது ஓடி முடிச்சுட்டு வரட்டும், நான் மீசைய எடுக்கேன்."

அதான். அதுக்குத்தான் பாலைவனம். முடிக்கணும், அந்தக் கால்லயே முடிக்கணும். வேற ஒண்ணும் இல்ல.

எலும்பு கூடினதும், மாமியோட ரன்னிங் குரூப்ல எல்லாரும் காசு சேத்து அனுப்பி வச்சாங்க. ஆனா மாமியே கடைசியில பயந்துட்டாங்க.

"கேஸ் நடக்கறச்சே வேண்டாம்டி. ஓடற கால் எப்படி ஒடைஞ்ச கால் ஆகும்னு அவன் வக்கீல் கேப்பான். நன்னா மாட்டிப்பே."

"அப்ப தீர்ப்பு வர வரைக்கும் நான் நொண்டிக்கிட்டே கெடக்கணுமா மாமி? அவன் அடிச்சதுக்கு சாட்சியா நான் நொண்டணுமாக்கும்?"

மாமி எழுந்து போய் பையில சத்துமாவு உருண்டை கட்டிக் குடுத்துட்டாங்க.

இந்த ரேஸ்ல சாப்பாடு, படுக்க எல்லாம் நாமளே முதுகுல சுமக்கணும். தண்ணி மட்டும் அவங்க அளந்து குடுப்பாங்க. முதல் நாள் எல்லார் கையிலயும் ஒரு ஆரஞ்சுத் துணிப் பட்டி மாட்டினாங்க. உள்ள சிப் இருக்கு, யாரு எங்க இருக்காங்கன்னு காட்டும். ஒரு தடவ இழுத்து மாட்டினா கழட்ட முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க. அக்கா கண்ண மூடிக் கும்பிட்டாங்க.

ஏன்னா அக்காவுக்கு அது பட்டி இல்ல. காப்பு. தாராவி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மஞ்சக் கயிறு கட்டுவாங்கல்ல, அது. கட்டியாச்சுன்னா கொடை முடியற வரைக்கும் கையில இருந்து இறங்கக் கூடாது. நடுவுல அறுந்தா குத்தம், வீட்டையே பிடிக்கும். சின்ன வயசுல இருந்து பாத்தது, ரத்தத்துல இருக்கு.

ரெண்டாவது நாள் மலை மாதிரி ஒரு வெள்ளைக்காரன் மணல்ல உக்காந்து குழந்த மாதிரி அழுதிருக்கான். ஒரு டாக்டர் வந்தார், கத்தரிக்கோலால அவன் பட்டிய வெட்டினார், ஜீப்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. அக்கா மனசுல பதிஞ்சுபோச்சு. கத்தரிக்கோல் வந்தா கதை முடிஞ்சுது.

அப்புறம் வந்தது நரகம்தான் மக்களே. வெயில் மேல இருந்து அடிக்குது, மணல் கீழ இருந்து சுடுது. ஷூவுக்குள்ள மணல் புகுந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரி தோல அறுக்குது. சாக்ஸக் கழட்டினா சாக்ஸோட தோலும் வருதாம். நகம் ஒண்ணொண்ணா விழுந்துச்சாம். கால்ல இருக்கற ப்ளேட் சூடாகி, உள்ள யாரோ இஸ்திரிப் பெட்டி வச்ச மாதிரி. "பட்டறையில மிஷின் பக்கத்துல நின்னவ நான். எனக்கே பொறுக்கலம்மா," அப்படிங்கறாங்க. உடம்பெல்லாம் வீங்கிருச்சு. பட்டி கட்டின கை, பஞ்சுல நூலக் கட்டின மாதிரி பிதுங்கி, விரல் கறுக்க ஆரம்பிச்சுது.

தண்ணி குடுக்கற இடத்துக்கு வந்தாங்க. அதே டாக்டர். கையப் பாத்தார், இங்கிலீஷ்ல என்னமோ சொன்னார். அக்காவுக்கு தமிழும் பம்பாய் இந்தியும்தான். அவர் பையத் திறந்தார். கத்தரிக்கோல்.

அக்கா கைய இழுத்தாங்க. அவர் பிடிச்சார். இன்னும் இழுத்தாங்க. அவரும் விடல.

இன்னொரு கை மடங்கி அவர் மூக்குல இறங்கிருச்சு.

மூக்கு உடைஞ்சு ரத்தம் மணல்ல கொட்டுது. டாக்டர் தண்ணி பாட்டில் அடுக்கு மேல விழுறார், பாட்டிலெல்லாம் உருளுது. ரெண்டு பேர் பின்னாடி இருந்து அக்காவப் பிடிக்கறாங்க. ஒருத்தன் கையக் கடிச்சு வச்சுட்டாங்க. வாய்க்கு வந்த வார்த்தையெல்லாம் வருது, தாராவி வார்த்தை, நாங்குநேரி வார்த்தை. அப்பத்தான் ஜீப்புக்குள்ள தூங்கிட்டிருந்த டிரைவர் அலறி அடிச்சு இறங்கியிருக்கார்.

"யா அல்லாஹ், நம்ம ஊரு கெட்ட வார்த்தைல்லா கேக்குது!"

அவர் பேரு ஜெயினுலாப்தீன், காயல்பட்டினம்.

"தங்கச்சி, தங்கச்சி, நில்லு! டாக்டரையா அடிச்ச? கை அழுகிரும்னு பட்டிய வெட்ட வந்தாரும்மா மனுசன். ஒன்ன நிறுத்த வரல."

"காப்ப அறுக்க வந்தாவ பாய்!"

"இது காப்பு இல்லம்மா, மிஷின் பட்டி."

"ஒங்களுக்குப் பட்டி. கட்டுனது என் கையில."

ஜெயினுலாப்தீன் பாய் தலையில கைய வச்சுட்டாராம். ஆனா மனுசனுக்குப் புரிஞ்சிருக்கு. மூக்குல பஞ்சு வச்சுக்கிட்டு நின்ன டாக்டர்கிட்ட போய் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து, "சரி, என்ன செஞ்சா குத்தம் இல்ல? நீயே சொல்லு."

"கை வெறுமனே இருக்கக் கூடாது. புதுசக் கட்டிட்டு பழச எடுங்க."

அப்படியே செஞ்சாங்க. முழங்கைக்குக் கீழ புதுப் பட்டி ஏறின பிறகுதான் பழசு இறங்குச்சு. பழசு தோலோட வந்துச்சு. அந்தத் தழும்புதான் நான் காலைல பாத்தது. வீக்கம் வத்தினதும் புதுப் பட்டி தானா மணிக்கட்டுக்கு இறங்கிருச்சாம்.

ஆனா அடிச்சது அடிச்சதுதான். ரேஸ் நடத்தறவங்க வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பேசியிருக்காங்க. டாக்டர்தான் வேண்டாம்னாராம். "இவ்ளோ தெம்பா அடிக்கறவள எப்படி உடம்பு சரியில்லன்னு எழுதறது?" அப்படின்னு கேட்டாராம், பாய்தான் அக்காவுக்குச் சொன்னார். கடைசியில தண்டனை இதான்: கடைசி நாள் எல்லாரும் கிளம்பிப் போனதுக்கு அப்புறம் அக்கா அங்கயே உக்காரணும், ரொம்ப நேரம் கழிச்சுத்தான் விடுவாங்க. முடியற இடத்த மூடற நேரம் மாறாது.

உக்காந்தாங்க. கடைசி ஆளும் மணல் மேட்டுக்குப் பின்னாடி மறைஞ்சதப் பாத்துக்கிட்டே உக்காந்தாங்க.

விட்டதும் ஓடினாங்க. பாதி வழியில காத்து கிளம்பிருச்சு. மணல் மூஞ்சியில ஊசி மாதிரி குத்துது, கண்ணத் திறக்க முடியல, வாயத் திறந்தா தொண்ட வரைக்கும் மணல். மேட்டுல ஏறினா ரெண்டடி முன்னாடி, ஓரடி பின்னாடி சரியுது. கால் மடங்கி விழுந்தாங்க. அந்தக் கால். எழுந்திரிக்க முடியாம கையும் காலுமா தவழ்ந்து ஏறினாங்க. இடது தொடைய முஷ்டியால குத்தி, "நட மூதேவி, நட"ன்னு கத்தியிருக்காங்க. அப்புறம் வெயிலுமுத்து பேரச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கிட்டே நடந்தாங்க. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வசவு. "ஒரு வார்த்த கூட ரெண்டாவது தடவ சொல்லலம்மா," அப்படின்னு பெருமையா சொல்றாங்க!

போய்ச் சேந்தப்ப, முடியற இடத்துல கட்டியிருந்த வளைவு இல்ல. காத்து பிடுங்கிருச்சுன்னு மடிச்சு லாரில ஏத்திட்டாங்க. நேரம் தாண்டிருச்சு. மெடல் இல்ல. கூட்டம் போயிருச்சு. மூக்குல பிளாஸ்திரியோட டாக்டரும், ஜெயினுலாப்தீன் பாயும் மட்டும் நின்னாங்க. கோடு இருந்த இடத்த பாய் காலால மணல்ல கிழிச்சுக் காட்டினார். அக்கா அதத் தாண்டி விழுந்தாங்க.

டாக்டர் கத்தரிக்கோல எடுத்தார். இந்தத் தடவ பிடிய அக்கா பக்கம் திருப்பி நீட்டினார். அக்கா தலைய ஆட்டிட்டாங்க. "இன்னும் கொடை முடியல பாய், அவர்ட்ட சொல்லுங்க."

ஊருக்கு வந்தா டீக்கடையில வெயிலுமுத்து. "முடிக்கலையாம்லா! மெடல் எங்க?" மீசை அப்படியே இருக்கு.

அதுக்கப்புறம் கோர்ட். மாமி சொன்ன அதே கதை. அவன் வக்கீல் ஃபோன்ல அக்கா ஃபோட்டோவக் காட்டி, பாலைவனத்தையே ஓடி முடிச்ச காலுக்கு என்ன பெரிய காயம்னு கேக்கறார்.

அக்கா எழுந்து நின்னாங்களாம். "ஐயா, தெருவுல இவன் நான் முடிக்கலங்கான். இங்க நீங்க முடிச்சுட்டேங்கீய. ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசி ஒண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்க நிக்கேன். அந்தக் கால்லதான்."

ஜட்ஜம்மா பேனாவக் கீழ வச்சுட்டாங்களாம்.

வராண்டாவுல வெயிலுமுத்து பாஞ்சான். "என்னடி பெரிய காப்பு"ன்னு அந்தப் பட்டியப் பிடிச்சு இழுத்தான். தழும்பு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. மாமி கத்தினாங்க, "அடிக்காதேடி! அடிக்காதே!" அக்கா இன்னொரு கை மடங்கிருச்சு. அவன் மூக்கு ஒரு ஜாண் தூரத்துல.

அடிக்கல. அந்தக் கைய எடுத்து, பட்டியப் பிடிச்சிருந்த அவன் கை மேல வச்சு, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவன் விடப் பாக்கறான், அக்கா விடல. "பிடி. பிடிச்சுக்கிட்டே இரு. போலீஸ் பாக்கட்டும்." கான்ஸ்டபிள் ஓடி வர்ற வரைக்கும் அவன் கை அங்கயே இருந்துச்சு, ரத்தத்தோட. இப்ப அதுவும் கேஸ்ல சேந்திருக்கு.

பட்டி அறுந்து போகல. நான் தொட்டுப் பாத்தேன். எப்பக்கா கழட்டுவீங்கன்னு கேட்டேன். "தீர்ப்பு வரட்டும், மாஹிம் கடல்ல விடுவேன்"னாங்க. சொல்லிட்டு எழுந்து, லேசா நொண்டிக்கிட்டே, பட்டறைக்கு மூட்டை தூக்கப் போயிட்டாங்க.

எனக்கு உங்ககிட்ட கேக்கறதுக்கு இதான் இருக்கு. அடுத்த வாய்தா சீக்கிரம் வருது, தேதி தெரிஞ்சதும் கமெண்ட்ல போடறேன். வர முடிஞ்சவங்க வாங்க, ஒண்ணும் பேச வேண்டாம், அக்கா பின்னாடி பெஞ்சுல உக்காந்தா போதும். போன தடவ அவன் பக்கம் ஒரு கூட்டமே வந்துச்சாம், அக்கா பக்கம் மாமி மட்டும்தான். கோர்ட்டுக்கு முடியாதுன்னா ஞாயித்துக்கிழமை காலைல கிங்ஸ் சர்க்கிள் வாங்க, அந்தப் பொண்ணுங்களோட ஓடுங்க. தாராவி, செம்பூர், காட்கோபர், டோம்பிவிலி, எந்த குரூப்ல இருந்தாலும் இதப் போடுங்க. தமிழ் படிக்க வராத நம்ம பசங்களுக்கு வாய்ஸ் நோட்ல படிச்சு அனுப்புங்க. என் ஸ்டேஷன் வந்துருச்சு, இறங்கறேன்.