முன்சக்கரத்துச் சத்தம்

என் மனைவி எங்கள் காரில் ஏறுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. பிரேக் மிதித்தால் வண்டி கிறீச்சென்று கத்துகிறது, தெருவே திரும்பிப் பார்க்கிறது, மானம் போகிறது என்றாள். அப்படி ஒரு சத்தமே இல்லை என்பது என் கட்சி.

"நன்னாக்கி எடுத்துண்டு வாங்கோ. அப்புறம் கேறறேன்" என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமைதோறும் ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்கு மளிகை வாங்கப் போனாள். இரண்டு சனிக்கிழமை நான் அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனேன். அரிசி மூட்டை காரில் வந்தது, அவள் ஆட்டோவில் வந்தாள். மூன்றாவது வாரம் எனக்கே அசிங்கமாக இருந்ததால் போகவில்லை.

நான் அரசாங்க அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக முப்பது வருஷம் இருந்தவன். காதை வைத்துச் சோறு தின்றவன். வெற்றிலையை மென்றுகொண்டு பேசிய அதிகாரியையும், ஜலதோஷத்தோடு பேசிய அதிகாரியையும் ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன். திரும்பச் சொல்லுங்கள் என்று யாரையும் கேட்டதில்லை. அந்தத் திமிர் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. என் காதில் விழாத சத்தம் ஒன்று என் வண்டியிலேயே இருக்கிறது என்றால் எப்படி ஒப்புக்கொள்வேன்?

அவள்மேல் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. மத்தியானம் நைவேத்தியம் ஆனதும் பூஜை மணி அடிப்பாள். முன்னறையில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் நான் அதைக் கேட்டு எழுந்து போவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு அழைப்பு அதுதான். ஒரு வருஷமாக மணியை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதில் முன்னறைக்கு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சாதம் ஆறறது" என்று மட்டும் சொல்லுவாள். ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவளும் சொல்லவில்லை. எங்கள் வயதில் இப்படி ஒரு வருஷம் ஓட்டுவது பெரிய காரியம் இல்லை.

கடைசியில் என் கட்சியை உடைத்தது எதிர் வீட்டு மாமி. நான் வண்டியை நிறுத்தி இறங்கும்போது ஜன்னல் வழியாகவே சொன்னாள்: "மாமா, அந்தச் சக்கரத்துல கொஞ்சம் வெளிச்செண்ணெய் விட்டாப் போறுமே! எங்காத்துக் கதவு இதைவிடக் கத்திண்டிருந்ததாக்கும்." இந்த ஊரில் எது கத்தினாலும் தேங்காய் எண்ணெய்தான் வைத்தியம். பிரேக்கில் எண்ணெய் விட்டால் வண்டி நிற்காது என்று அவளுக்கு விளக்கினேன். "அப்போ சத்தம் உண்டுன்னு சம்மதிக்கறேள்" என்றாள். சரி, பிரேக் பேடை மாற்றிவிட்டால் ஒரு பேச்சும் இருக்காது என்று முடிவு செய்தேன்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவில்லை. அங்கேயும் ஒருவன் "சத்தம் உண்டு சாரே" என்பான், அதை வேறு கேட்க வேண்டும். போனில் பேடு மாற்றுவது எப்படி என்று ஒரு மலையாள வீடியோவைப் போட்டு, சத்தத்தை முழுவதும் ஏற்றி வைத்துக்கொண்டு, முழுவதையும் சுருக்கெழுத்தில் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. அடுக்களையிலிருந்து அவள் எட்டிப் பார்த்து, "எதுக்கு இப்படி அலற விட்டிருக்கேள்?" என்றாள். நான் பென்சிலை நிறுத்தவில்லை. எழுதும்போது பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

பைபாஸ் ஓரத்து உதிரிபாகக் கடையில் முன்சக்கரங்களுக்கு ஒரு செட் பேடும், வெப்பம் தாங்கும் கிரீஸ் சின்னப் பொட்டலமும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், வாசலில் வேலையைத் தொடங்கினேன். தெரு குறுகலானது, வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்கூட்டர் மட்டும்தான் போகலாம். மனைவி கோலத்தைப் பத்திரமாக நாலடி தள்ளிப் போட்டிருந்தாள். அந்த அளவுக்கு அனுசரணைதான்.

பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, பிறகு தூக்கினேன். ஜாக்கியை நம்பக்கூடாது என்று குறிப்பில் இருந்தபடி ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் தள்ளினேன். சக்கரம் கழன்றதும் வட்டமான டிஸ்க், அதைக் கவ்விக்கொண்டு காலிப்பர். கீழ் போல்ட்டைக் கழற்றினால் காலிப்பர் மேலே திரும்புகிறது. அதை பிரேக் ஆயில் குழாயில் தொங்க விடாமல் பழைய வேட்டிக் கிழிசலால் ஸ்பிரிங்கோடு கட்டினேன். எல்லாம் சொன்னபடியே நடந்தது. இவ்வளவு சுலபமான வேலையை முன்பே செய்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

உள்பக்கத்துப் பேடைக் கையில் எடுத்தேன். ஒரு ரூபாய்க் காசின் கனம்தான் மிச்சம் இருந்தது. அதன் ஓரத்தில் வளைந்த சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கிறது. பேடு தேய்ந்து போனால் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசும். உரசிக் கத்துவதற்காகவே வைத்தது அது, மாற்று மாற்று என்று ஓட்டுகிறவனுக்குச் சொல்ல. அதன் நுனி தேய்ந்து பளபளவென்று இருந்தது. மூன்று மாதமாவது உரசியிருக்கும்.

நான் அப்படியே தெருவில் குந்தியிருந்தேன். இது கத்தியிருக்கிறது. மாமிக்குக் கேட்டிருக்கிறது, மனைவிக்குக் கேட்டிருக்கிறது, எனக்கு மூன்றடி தூரத்தில் கத்தியும் கேட்கவில்லை. அந்த நுனியை விரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குப் பயம் என்று அப்போது நான் பெயர் வைக்கவில்லை, இப்போது வைக்கிறேன். மனைவி காப்பி கொண்டுவந்தபோது பேடை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "ஒண்ணும் பெரிசா இல்லை" என்றேன்.

மிச்ச வேலையை ரொம்ப ஒழுங்காகச் செய்தேன். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தேன். பழைய பேடை வைத்து சி-கிளாம்ப் என்ற திருகுப் பிடியால் காலிப்பர் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினேன். பேடின் முதுகிலும் காதுகளிலும், காலிப்பர் நகரும் ஊசிகளிலும் மட்டும் கிரீஸ் பூசினேன். டிஸ்க்கைத் தொடும் முகத்தில் விரல் அழுக்குக்கூடப் படவில்லை. முதுகுத் தகட்டை மறக்காமல் வைத்தேன், அது இல்லாவிட்டால் புதுப் பேடும் அதிர்ந்து கத்துமாம். அடுத்த சக்கரத்திலும் அதேபோல. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கடைசியில் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்தேன். முதல் மிதியில் தரைவரை போயிற்று, ஆறாவது மிதியில் கல்லாக நின்றது.

புதுப் பேடு பழகுவதற்காகத் தனியாக பைபாஸில் ஓட்டி, வேகம் எடுத்து, மெல்லக் குறைத்து, மறுபடியும் எடுத்துப் பத்துத் தரம் செய்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. முன்பும் கேட்கவில்லையே, வேலை சரியானதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? திரும்பி வரும்போது தெருமுனையில் நிறுத்தினேன். அங்கே பூ விற்கிறவள் என் வண்டி நின்றால் தலை தூக்கிப் பார்ப்பாள். என்மேல் ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன். அன்று அவள் பாட்டுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டேன். புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. தெருமுனையில் பிரேக் மிதித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். ஈஞ்சக்கல் சிக்னலில் மறுபடியும் மிதித்தேன்.

"இன்னும் கத்தறதே" என்றாள்.

"ஆமா, கொஞ்சம் இருக்கு" என்றேன். "புதுப் பேடோன்னோ, ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அவள் என் பக்கம் திரும்பி முகத்தைப் பார்த்தாள். சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அது எனக்குக் கேட்டது.

"ஒரு சத்தமும் இல்லை" என்றாள். "நான் சும்மா சொன்னேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அப்போதும் அது கத்தவில்லை என்று நினைக்கிறேன். மிகவும் வெட்கமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய பேடை எடுத்து அவள் மடியில் வைத்தேன். தேய்ந்த நுனியைக் காட்டினேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், புடவையில் கரி பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அப்போ மணி?" என்றாள்.

"எந்த மணி? நீதான் அடிக்கறதை நிறுத்திட்டியே."

"நானா? தினம் அடிக்கறேன். அடிச்சுட்டு நடையையே பார்த்துண்டு நிக்கறேன். நீங்க வரவேயில்லை. வேணும்னே பண்றேள்னு நெனச்சுண்டேன். ஒரு வருஷமா." அவள் குரல் உடைந்தது. அது எனக்கு நன்றாகவே கேட்டது.

ஒரு வருஷம், தினம் ஒரு தரம், ஒரு பெண்பிள்ளை மணி அடித்துவிட்டு நின்றிருக்கிறாள், நான் பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். காது டாக்டரிடம் இந்த வாரமே போவது என்று பேசிக்கொண்டோம். வீடு வரை அவள் பேடை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் முன்னறையில் பேப்பரைக் கையிலேயே எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நடைக்கு அந்தப் பக்கம் பூஜை அறையில் அவள் கை அசைவது தெரிந்தது. கை அசைவதைப் பார்த்ததால் கேட்டது போலவும் இருந்தது. ஆனால் சொல்லாததைக் குறிப்பில் எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை.

"கேட்டேளா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

அவள் மணியைக் கீழே வைக்கவில்லை. நடையைத் தாண்டி, முன்னறைக்குள் வந்து, என் நாற்காலி அருகில் நின்று இன்னொரு தரம் அடித்தாள். அது கேட்டது.