தங்கையின் காரில் ஒழுகிய எண்ணெய்

பட்டறைக்காரருக்குக் கைப்பலம் அதிகம். வீட்டில் அவர் மூடிய பாட்டிலை அவரே வந்துதான் திறக்க வேண்டும். மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். இறுக்கினால்தான் எதுவும் நிற்கும் என்பது அவர் கட்சி.

அவருடைய தங்கை, வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். அவள் காரில் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பெடலை மிதித்ததும் எண்ணெயைத் தள்ளிவிடும் அந்தச் சிறிய உருளையை மாற்றுவது அவருக்குப் பழகிய வேலைதான். புதியதைப் போல்ட் போட்டு அசையாமல் நிறுத்திவிட்டு, எண்ணெய்க் குழாயை வளைத்து இழுத்து நட்டை ஏற்றினார். கோணலாக ஏறியது. ஸ்பேனரால் ஓர் அழுத்து அழுத்தினார், அடங்கிவிட்டது.

மறுநாள் அவள் நடந்தே வந்தாள்.

"நடுரோட்ல பெடல் உள்ள போய் ஒட்டிக்கிச்சுண்ணா! பின்னாடி இருந்தவங்க ஹாரன் அடிச்சே என்னைக் கொன்னுட்டாங்க. காலெல்லாம் எண்ணெய்!"

"கொஞ்சம் லூசா இருக்கும். இன்னொரு திருகு திருகினா சரியாயிடும்."

காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திருகினார். சொட்டு நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார். நட் வெறுமனே சுழன்றது. மரை தேய்ந்து, புத்தம்புது சிலிண்டர் பாழ். ஸ்பேனரை விட்டெறிந்தார், அது தகர டப்பாவில் மோதி உருண்டது.

"என்ன உடைஞ்சுது?" என்றாள் மனைவி வீட்டுக்குள்ளிருந்து.

"என் தலை!"

தங்கை ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லைங்கய்யா, உங்களை மறக்கல. வலி ரொம்ப இருக்கா? வந்துடறேங்கய்யா." அந்தக் கெஞ்சல் குரலைக் கேட்டதும், அதுவரை காரின் மேல் இருந்த கோபம் தன் மேலேயே திரும்பியது.

மனைவி போய் வேறொரு சிலிண்டர் வாங்கி வந்தாள். குழாயின் நுனியும் நசுங்கியிருந்ததால் அதையும் மாற்றினார். இரண்டின் வாயையும் மண் துகள் இல்லாமல் துடைத்தார். இந்தத் தடவை, நட்டுக்கு ஏற்றபடி அசையட்டும் என்று சிலிண்டரை இறுக்காமல் தளர்வாகவே விட்டு, குழாயை நேராகப் பிடித்து, நட்டை விரலாலேயே ஏற்றினார். மரையில் பிடிக்கவில்லை. திட்டிக்கொண்டே கழற்றினார். மறுபடி வைத்தார், வழுக்கியது. கடைசியில் தடையில்லாமல் உள்ளே போனது. அதற்குப் பிறகே போல்ட்டுகளை முடுக்கினார். நட்டுக்கு ஸ்பேனரால் அளவாக ஒரு பிடி. இன்னும் ஓர் இழுப்புக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

குழாயிலிருந்து காற்றை வெளியேற்றத் தங்கையைக் காருக்குள் உட்காரவைத்தார்.

"மிதி. அப்படியே புடி. விடாத!"

"புடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்! கத்தாத."

குமிழிகள் நின்றன. இணைப்புக்கு அடியில் வெள்ளைக் காகிதம் வைத்து, கால் வலிக்கும்வரை மிதிக்கவைத்தார். காகிதம் காய்ந்தே இருந்தது. பெடலுக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தார், அங்கும் ஈரமில்லை.

கியர் முனகாமல் விழுந்தது. "வர்றேண்ணா" என்று ஒரு சொல்லோடு அவள் வண்டியைத் திருப்பினாள். அப்போதுதான் முன்சக்கரத்துக்கு மேலே அவர் கண் போனது: பெயின்ட்டையே அரித்துவிடும் அந்தக் கிளட்ச் எண்ணெய் சிந்திய இடம் கொப்பளித்து உரிந்திருந்தது.

"அடச்சே!" என்றார். கார் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.