கெட்டிமேளம் ஏறிய பென்டிரைவ்

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். எடிட்டிங்குக்காக ஒரு சாதாரண லேப்டாப்பில் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கான மேக் ஓஎஸ்ஸை ஏற்றி வைத்திருந்தேன். அதில் சத்தம் வரவைக்கவே பல நாள் மல்லுக்கட்டினேன். ஒரு பென்டிரைவைச் சொருகினால்தான் அது ஆன் ஆகும்.

கரியாலூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா இருதய ஆபரேஷன் முடிந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தாலி கட்டுவதை என் கேமராவிலிருந்து லேப்டாப் வழியாக அவருக்கு நேரடியாகக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

முகூர்த்தம் நெருங்கியது. லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை. பென்டிரைவைக் காணோம். அது சவுண்ட் செட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது.

“அதுவாப்பா? இங்க கெடந்துச்சு, பாட்டே இல்லியே. எல்லாத்தையும் அழிச்சிட்டு கெட்டிமேளம் ஏத்திக்கினேன்,” என்றார் சவுண்ட் செட்காரர்.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நான் ஏதேதோ பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தேன்.

மணவறையிலிருந்து பெண் கத்தினாள்: “அண்ணா, அத்த வுடுங்க! உங்க ஃபோன்ல அப்பாவ கூப்ட்டு குடுங்க!”

அது எனக்கு ஏன் தோன்றவில்லை? பெரிய கேமரா என்ற வீம்புதான். வீடியோ காலில் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் ஃபோனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். என் பென்டிரைவிலிருந்து கெட்டிமேளம் முழங்கியது. திரையில் அப்பா வெறுங்கையால் அட்சதை போட்டார்.

தாலி ஏறும்போது அவள் என் கேமராவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மடியிலிருந்த அப்பாவைப் பார்த்தபடி குனிந்தே இருந்தாள்; ஃபோன் என் ஃபிரேமில் விழவில்லை. அந்த வீடியோவைப் பார்ப்பவர்கள், “பொண்ணுக்கு இன்னா வெக்கம்!” என்கிறார்கள்.