சுவரோரக் கட்டங்கள்

இந்த ஜெர்மன்காரர்கள் முகத்துக்கு நேரே "இது தப்பு" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "காபி குடிக்கிறாயா?" என்று கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. நம் ஊரில் மேலதிகாரி அப்படிச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். அதனால் எங்கள் பிரிவுத் தலைவர் டீட்டர் என் கணக்கைப் பார்த்துத் தப்பு என்ற அன்று, காபியும் வேண்டாம் என்று தங்கியிருந்த அறைக்குப் போய், ஊருக்குக் கிளம்பப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டேன். புரோபேஷன் முடிய சில வாரங்களே இருந்தன. தேறாவிட்டால் வேலையும் இல்லை, விசாவும் இல்லை, ஆவடிக்கு டிக்கெட்தான்.

வேலை இதுதான்: ரயில் பெட்டிக்குள் குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகர டக்ட்டின் வளைவில் காற்று எவ்வளவு அழுத்தம் இழக்கிறது என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க வேண்டும். டக்ட்டின் உட்புறத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சுழன்று கொந்தளிக்கும் காற்றுக்குப் பொருத்தமான ஒரு கணித மாதிரியைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுவோம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இதே வேலையைப் பார்த்தபோது கம்பெனி முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர். சம்பளக் கணக்கு போடும் ஏகாம்பரம் அண்ணன் எழுந்தால்தான் எனக்கு நாற்காலி. நான் கட்டங்களைக் கூட்டினால், "இன்னாம்மா, இன்னிக்குள்ள முடியுமா, நான் ஊட்டுக்குப் போவட்டா?" என்பார்.

இங்கே எனக்கே எனக்கென்று ஒரு பெரிய மெஷினைக் கொடுத்தார்கள். காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதைதான். சுவரோரத்தில்தானே காற்று உராய்கிறது என்று அங்கே கட்டங்களை மயிரிழை கனத்துக்கு அடுக்கித் தள்ளினேன். அடுக்க அடுக்க, சோதனைக்கூடத்தில் அளந்ததைவிட்டு விடை விலகிக்கொண்டே போனது. யாரிடமும் கேட்கவில்லை. புரோபேஷனில் சந்தேகம் கேட்டால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிட மாட்டார்களா?

பெட்டியை இறக்கிய மறுநாள் டீட்டர் இரண்டு காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ எடுத்த கணித மாதிரி சுவர்வரை போகாது. அந்த மெல்லிய ஓரத்தை ஒரு சூத்திரத்தால் தாண்டிவிடும். முதல் கட்டத்தை அந்த ஓரத்துக்குள்ளேயே வைத்தால் சூத்திரம் பொய்தான் சொல்லும். ஒன்று, சுவரைவிட்டுத் தள்ளி வா. இல்லையென்றால் சுவர்வரை போகிற மாதிரியை எடு."

"என்னை எப்போது அனுப்பப் போகிறீர்கள்?" என்றேன்.

"எங்கே?" என்றார், ஒன்றும் புரியாமல். விளக்கிச் சொன்னதும் சிரித்தேவிட்டார். "கணக்குதான் தப்பு. கேள்வி கேட்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்."

வளைவில் காற்று சுவரைவிட்டுப் பிரிவதால் இரண்டாவது வழியே சரி என்றேன். தலையாட்டினார். நான் அடுக்கிய மெல்லிய கட்டங்களும் வீண்போகவில்லை. புது மாதிரிக்கு அவைதான் தேவைப்பட்டன. விடை சோதனைக்கூடத்து அளவோடு ஒட்டி வந்தது, வேலையும் நிரந்தரமானது. டீட்டரை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. நாற்காலியை விட்டுக்கொடுத்த ஏகாம்பரம் அண்ணனை நினைத்தாலும் அப்படித்தான்.

ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டேன். "ஸ்தோத்திரம்! ஞாயித்துக்கெழம சர்ச்சுல சாட்சி சொல்லிடுறேன்" என்று அம்மா அழுதாள். பிறகு அப்பா போனை வாங்கினார்.

"பர்மனென்ட்டாம்மா?"

"ஆமாப்பா."

"ரொம்ப சந்தோஷம்மா. அப்ப இனிமே அங்கியேதானா?" என்றார்.

"லீவு கெடைச்சதும் வர்றேம்பா" என்றேன். என் வீட்டுக்குப் போக நான் லீவு கேட்கவேண்டும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.