பட்டியலில் இல்லாத சித்தப்பா

சித்தப்பாவுக்கு உலகத்தோடு பேச வேண்டும் என்று ஆசை. வீட்டில் எங்கள் அம்மாவோடு பேசுவதற்கே அவருக்கு நா எழாது; சோறு போதும் என்பதைக்கூடத் தட்டைக் கையால் மறித்துத்தான் சொல்வார். அப்படிப்பட்டவர், வயர்லெஸ் செட் ஒன்றைத் தானே செய்து முகம் தெரியாதவர்களைக் கூப்பிட்டுப் பேசப்போவதாக அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளை அடித்த வாசம்கூட இன்னும் போயிருக்கவில்லை.

"யாருகூடப் பேசுவீக?" என்று கேட்டேன்.

"யாரு கெடைக்காகளோ அவுககூட."

"என்ன பேசுவீக?"

கொஞ்சம் யோசித்தார். "பேரு, ஊரு கேப்பேன். அங்க மழையா வெயிலான்னு கேப்பேன்."

"இதுக்குப் போயி டில்லியில கேக்கணுமா?"

கேட்கத்தான் வேண்டியிருந்தது. ரேடியோவில் பாட்டுக் கேட்பதற்கே தபாலாபீசில் லைசென்ஸ் வாங்கிய காலம் அது. கேட்பதற்கே அப்படியென்றால் பேசுவதற்குச் சும்மா விடுவார்களா? முதல் விண்ணப்பம், பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று திரும்பி வந்தது. சித்தப்பா பிறந்தது ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு மானாவாரிக் கிராமம். அவர் பிறந்ததற்கு அங்கே அத்தாட்சி அவரேதான். பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடி எடுத்து அனுப்பினால், கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். அதையும் வாங்கி அனுப்பினால், முத்திரை சரியாக விழவில்லை என்றார்கள். தபால்காரரிடமிருந்து ஒவ்வொரு பழுப்பு உறையையும் வாங்கிக்கொண்டு ஓடி வருவது நான்தான். டில்லியில் யாரோ ஒருவர் எங்கள் சித்தப்பாவையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒருவழியாக மதராஸுக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். தந்தி பாஷையில் அடிக்கவும் வேண்டும், காதால் கேட்டு எழுதவும் வேண்டும். அதற்காக ரம்பத் தகடு ஒன்றைப் பலகையில் திருகி வைத்து மாதக்கணக்கில் தட்டிப் பழகினார். அது கைக்கு எட்டாதபோது சாப்பாட்டுத் தட்டு, கதவு, சில சமயம் என் முதுகு. "மரங்கொத்திக்கு எங்கயாச்சும் பொண்ணு கெடைக்குமா பாருங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். பரீட்சையில் தேறிவிட்டார். இனி பாக்கி போலீஸ் விசாரணை ஒன்றுதான். ஆள் யோக்கியர், கொடுத்த முகவரியில்தான் இருக்கிறார் என்று போலீஸ் எழுதிவிட்டால் லைசென்ஸ் வீடு தேடி வந்துவிடும்.

சிக்கல் அந்த முகவரியில் இருந்தது. குவார்ட்டர்ஸ் அப்பாவின் பெயரில். அதில் யார் யார் தங்கலாம் என்று, வீடு ஒதுக்கும் எஸ்டேட் ஆபீசில் ஒரு பட்டியல் உண்டு. மனைவி, பிள்ளைகள், பெற்றோர்; தம்பிக்கு அதில் இடமில்லை. சித்தப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆகாதவருக்குத் தனிக் குவார்ட்டர்ஸும் கிடையாது. வேறு போக்கிடம் இல்லாததால், டில்லிக்காரனுக்கு நம்மூர்ப் பட்டியல் எங்கே தெரியப்போகிறது என்று எங்கள் வீட்டு முகவரியையே எழுதிவிட்டார்.

எங்கள் பிளாக்கில் பட்டியலுக்கு வெளியே ஓர் ஆளாவது இல்லாத வீடே கிடையாது. மச்சினன் இருப்பான், அக்கா மகன் இருப்பான். எஸ்டேட் ஆபீஸ்காரர்கள் திடீரென்று சோதனைக்கு வருவார்கள். பிடிபட்டால் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ். ஆகவே பிளாக் பிள்ளைகள் நாங்கள் வாய்ப்பாட்டுக்கு முன்பே ஒரு பாடத்தை மனப்பாடம் செய்திருந்தோம். கையில் நோட்டோடு யார் வந்து கேட்டாலும், "இங்க இல்ல, ஊர்ல இருக்காக." போலீஸ் வந்தால் மட்டும் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று அம்மா தனியாகச் சொல்லி வைத்திருந்தாள். போலீஸ் என்றால் தலையில் தொப்பி இருக்கும் என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வந்தவர் தொப்பி இல்லாமல் வந்தார். கதர்ச் சட்டை, கக்கத்தில் ஒரு டைரி. அம்மா ஸ்டோருக்குப் போயிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் ஷிப்டில். முதலில் தண்ணீர் கேட்டார். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுச் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார்.

"இந்த வூட்லதான தங்கிகினு இருக்காரு?"

"இல்ல. ஊர்ல இருக்காக."

"எப்பவாவது வருவாரா?"

"பொங்கலுக்கு வருவாக. மறுநாளே போயிருவாக."

அவர் அண்ணாந்து பார்த்தார். மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலை நட்டு, வயர்லெஸ் செட்டுக்காகச் சித்தப்பா கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். "அந்தக் கம்பி என்னாத்துக்கு?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. நான் அசரவில்லை. "துணி காயப் போட."

"அம்மாம் உசரத்துலயா?"

"எங்கம்மா ரொம்ப உசரம்."

சிரித்துவிட்டார். டைரியில் ஏதோ எழுதிக்கொண்டு, என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. எஸ்டேட் ஆபீசையே திருப்பி அனுப்பிவிட்டாளே என்று அப்பா மெச்சினார். கம்பி கதையைக் கேட்டுச் சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மறுநாள் காடாம்புலியூர் முந்திரிப் பருப்பு ஒரு பொட்டலம் வாங்கி வந்து, முழுவதும் எனக்கே என்று கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து வந்த பழுப்பு உறையையும் நான்தான் வாங்கி வந்தேன். சித்தப்பா படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பா அம்மாவுக்காகத் தமிழில் சொன்னார். போலீஸ் நேரில் வந்து விசாரித்ததில் மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை என்று தெரிகிறது. வசிப்பதாகச் சொன்னால், குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய ஆபீசில் சான்று வாங்கி அனுப்பவும்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்பா செருப்பை மாட்டினார். "நான் போயி எஸ்டேட் ஆபீஸ்ல கேட்டு வாங்கியாறேன். எந்தம்பி எங்கூடத்தான் இருக்கான்னு சொல்றேன். ஆறது ஆகட்டும்."

"வேணாம்ணே. பிள்ளைகள வச்சுக்கிட்டு மதினி எங்க போவாக?"

"அப்ப உன் லைசென்சு?"

சித்தப்பா கடிதத்தை நாலாக மடித்தார். "பாப்பா சொன்னதுதான் சரிண்ணே. நான் இங்க இல்ல."

முதுகில் நாலு சாத்து விழப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம். நான் சொன்னதுதான் சரி என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். வெளியே ஓடி, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை எங்கள் ஜன்னலுக்குக் கீழே வரிசையாக நிறுத்தி, நோட்டோடு ஆள் வந்தால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினேன்.

"இங்க இல்ல, ஊர்ல இருக்காக" என்றார்கள்.

சித்தப்பா உள்ளேதான் இருந்தார். அவர் காதில் விழுந்தால் சந்தோஷப்படுவார் என்று, இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள்.