குலுங்காத சாப்பாட்டுப் பெட்டி

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் என் வீட்டுக்கு எதிர்க்கதவு பெட்டிக்காரருடையது. அது கட்டடத்தார் வைத்த பெயர். கண்ணாடிச் சாமான்களை வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் கிடங்கில் அவருக்குப் பெட்டி கட்டும் வேலை. குவளையோ விளக்குக் கூண்டோ மீன்தொட்டியோ எதைக் கொடுத்தாலும், லாரியில் ஏறி இறங்கி யாரோ ஒருவர் கை நழுவிக் கீழே விழுந்தாலும், உள்ளே இருப்பது அசையாதபடி கட்டுவார். அவரைப் பற்றி இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவர் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னது. எழுதியதை அவரிடம் படித்துக் காட்டி, தவறு என்று அவர் சொன்ன இடங்களைத் திருத்தியும் விட்டேன்.

அவர் மனைவி நர்ஸ். மேல்பயிற்சிக்காக ஒரு வருடம் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மகளை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு எழுந்தபோது, "ஏன், நான் இல்லையா?" என்றார் பெட்டிக்காரர்.

மனைவியின் அக்கா சிரித்துவிட்டார். "தம்பி, உங்களுக்கு வெந்நீராவது வைக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன் அண்ணி."

கற்றுக்கொண்டார். இரண்டு பாத்திரங்கள் கரிந்தன, ஒரு கைப்பிடி உருகியது, அவ்வளவுதான் நஷ்டம். காலையும் இரவும் மகள் நன்றாகவே சாப்பிட்டாள். மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். ஆள் அவ்வளவு சிறியவள், பேச்சு அவ்வளவு காரம். சிக்கல் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டில்தான். காலையில் கட்டிக் கொடுத்த டப்பா சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. கேட்டால், "பசிக்கலைப்பா" என்பாள்.

பள்ளியில் பருவத்துக்கு ஒருமுறை குழந்தைகளை எடை பார்ப்பது வழக்கம். மிளகின் எடை இறங்கியிருந்தது. மத்தியான வகுப்பில் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறாள் என்று டீச்சரும் சொல்லி அனுப்பினார். மனைவியின் அக்கா, மிளகின் பெரியம்மா, அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

"இதுக்கு மேல நான் பேசாம இருக்க முடியாது தம்பி. அடுத்த தடவை எடை பார்க்கிறப்ப ஏறலைன்னா, புள்ளையை நான் கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு. தங்கச்சிகிட்டயும் பேசிட்டேன், அவளும் சரின்னுட்டா."

பெரியம்மா போனதும் பெட்டிக்காரர் என்னிடம், "போகட்டும்னு விட்டுடுவேன்னு நினைக்கிறாங்க சார்" என்றார். "நான் கட்டின சரக்கு இன்னைக்கு வரைக்கும் போய்ச் சேராம இருந்ததில்லை. இது என் புள்ளை சோறு."

அன்று தொடங்கியது அந்த ஆவேசம். சமையலில் குறை என்று எண்ணி, கிடங்குக் கைத்திறன் முழுவதையும் டப்பாவுக்குள் இறக்கினார். விடியும்போதே அவர் சமையலறையில் கத்திச் சத்தம் கேட்கும். கேரட்டை நட்சத்திரமாக நறுக்குவார். சோற்றை உருட்டிக் கரடி முகம் செய்து பட்டாணியால் கண்ணும் மூக்கும் வைப்பார். அவித்த முட்டை கோழிக்குஞ்சாகும். ஆப்பிளைத் துண்டு போட்டு, பழையபடி முழுப் பழமாகச் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டுவார். அப்படிச் செய்தால் வெட்டிய பக்கம் சீக்கிரம் கறுக்காது. கரடிக்கும் கோழிக்குஞ்சுக்கும் நடுவே முட்டைக்கோஸ் இலையை மடித்துத் தடுப்பாக நிறுத்துவார். இண்டு இடுக்கில் திராட்சையையும் பீன்ஸையும் செருகுவார். எல்லாம் முடிந்ததும் மூடியை அழுத்தி, மகளின் காதருகே டப்பாவைக் குலுக்குவார்.

"சத்தம் வருதா?"

"வரலை."

"அப்பா யாரு?"

"கெட்டிக்காரன்!"

சாயங்காலம் மூடியைத் திறந்தால் கரடி சிரித்தபடி இருக்கும். முதல் நொடியில் அவர் முகம் மலர்ந்துவிடும். "பார்த்தியா, ஒரு பட்டாணிகூட நகரலை!" என்பார். அடுத்த நொடிதான் அது சாப்பிடாத சோறு என்பது உறைக்கும், முகம் வாடும். மிளகோ அதே டப்பாவை வாங்கி, ஆறிப்போனதை எல்லாம் அங்கேயே நின்றபடி மளமளவென்று தின்று தீர்ப்பாள். சூடாக வேறு செய்து தருகிறேன் என்றாலும் கேட்கமாட்டாள்.

கிடங்கிலும் இதே பேச்சு. லாரி டிரைவர் ஒருவர் கேட்டாராம்: "என்னய்யா, இன்னைக்குக் கரடிக்கு மீசை வச்சியா? நான் என் பையனுக்கு ரொட்டியை ரெண்டா மடிச்சுத் தூக்கிப் போடறேன். அதையும் தின்னுட்டு, வீட்டுக்கு வந்து என்னையும் திங்கறான்."

எல்லாரும் சிரித்தார்கள். பெட்டிக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒன்று இடித்தது. சாயங்காலம் அதே சோற்றை ஆசையாகத் தின்கிறவளுக்குச் சோறு பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? குறை டப்பாவுக்குள் இல்லை. பள்ளியில் ஏதோ நடக்கிறது. யாராவது கேலி செய்கிறார்களோ, பிடுங்குகிறார்களோ? மேற்பார்வையாளரிடம் அரைநாள் லீவு கேட்டார்.

"சரக்கு மலை மாதிரிக் கிடக்கு. எதுக்குய்யா லீவு?"

"என் புள்ளை சாப்பிடறதைப் பார்க்கணும்."

"புள்ளைன்னா சாப்பிடும். அதுல பார்க்க என்ன இருக்கு?"

"சாப்பிடறதில்லை சார். அதான் பார்க்கணும். சம்பளத்துல பிடிச்சுக்குங்க, நான் போறேன்."

டீச்சர் சம்மதித்தார். சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னலோரம், மகள் கண்ணில் படாமல் நின்றுகொண்டார். நீளமான பெஞ்சுகளில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வைக்கு இருந்த ஆயாவுக்கு, தண்ணீர் கொட்டிய இடங்களுக்கு ஓடுவதற்கே நேரம் சரியாக இருந்தது. மிளகு தன் டப்பாவைப் பையிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தாள். மேசைமேல் வைக்காமல் மடியில் வைத்தாள். மூடியின்மேல் உள்ளங்கைகளைப் பரப்பிக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்துச் சிறுமி தன் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள். அதை மட்டும் தின்றாள்.

"உன் டப்பாவைத் திறயேன். இன்னைக்கு என்ன பொம்மை?" என்று அந்தச் சிறுமி கை நீட்டினாள்.

மிளகு சட்டென்று திரும்பிக்கொண்டாள். "ஆட்டாதடீ! உள்ள நகர்ந்துச்சுன்னா எங்கப்பாவுக்குத் திட்டு விழும்."

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்ற பெட்டிக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. போன விடுமுறையில் ஒருநாள் மகளைக் கிடங்குக்கு அழைத்துப் போயிருந்தார். அன்று ஒரு பெட்டி திரும்பி வந்திருந்தது. மேற்பார்வையாளர் அதைத் தூக்கிக் குலுக்கி, "குலுங்குதே! எவன்யா இதைக் கட்டினது?" என்று கிடங்கே அதிரக் கத்தினார். கட்டியவர் வேறு ஆள். ஆனால் திட்டு விழும்போது எதிரில் நின்றது பெட்டிக்காரர்தான். ஆறு வயதுக் குழந்தை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டது. அப்பா கட்டிய பெட்டி திரும்பி வரும்போது அசைந்திருக்கக் கூடாது. அசையாமல் வந்தால் அப்பா முகம் மலர்கிறது. வீட்டுக்கு வந்து அப்பா திறந்து பார்த்த பிறகு தின்றால் யாருக்கும் திட்டு இல்லை.

உள்ளே போனார். அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

"அப்பா! நான் ஆட்டவே இல்லை!"

"தெரியும்மா. உன்னை மாதிரி பத்திரமா யாரும் கொண்டுபோக மாட்டாங்க." அவள் மடியில் இருந்த டப்பாவைத் தொட்டுக் காட்டினார். "ஆனா இது போய்ச் சேர வேண்டிய இடம் வீடு இல்லைடா. உன் வயிறு. வயித்துக்குப் போகாம திரும்பி வந்தாத்தான் அப்பா தோத்துப்போன மாதிரி."

"திறந்தா நகருமே?"

"நகரட்டும். கரடி மூக்கை முதல்ல நீயே பிடுங்கு."

மூடியை மெல்லத் திறந்து, ஒரு பட்டாணியைப் பிடுங்கி வாயில் போட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கரடிக்கு ஒரு காது போயிற்று. டப்பா பாதி காலியாவதற்குள் மணி அடித்துவிட்டது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாளும் கரடி முழுசாகத் திரும்பியது. "அழகா இருந்துச்சுப்பா, பாவமா இருந்துச்சு" என்றாள். பெட்டிக்காரர் அன்றோடு பொம்மைகளை நிறுத்தினார். காலையில் நாற்காலி போட்டு மகளைச் சமையல் மேடையருகே ஏற்றி, "இனிமே நீதான் கட்டணும். நான் நறுக்கித் தர்ற ஆளு" என்றார். ஒரு பக்கம் சோறோ ரொட்டியோ, ஒரு பக்கம் முட்டையோ பயறோ, பச்சைக்காய் ஒன்று, பழம் ஒன்று. இந்த நான்கும் இருந்தாக வேண்டும், எது எங்கே என்பது அவள் இஷ்டம். அவள் கட்டினால் திராட்சை உருளும், முட்டை சாயும். அவர் விரல்கள் சரிசெய்யத் துடிக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். தானே கட்டியது நகர்ந்தாலும் அப்பாவுக்குத் திட்டு விழாது என்பதாலோ என்னவோ, மிளகு அதைத் தின்றாள். மெல்ல மெல்ல மிச்சம் குறைந்தது.

மறுபடி எடை பார்த்த அன்று பெரியம்மா மிளகின் துணியை எடுத்துப்போகப் பெரிய பையோடு வந்தார். அவரே பள்ளிக்குப் போய் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு திரும்பினார்.

"ஏறியிருக்கு. ஆனா குறைஞ்சதுல பாதிதான் ஏறியிருக்கு தம்பி."

"மீதியும் ஏறும் அண்ணி. ஏத்திக் காட்டறேன்." அவர் மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

"மிளகு, பெரியம்மாகூட ஊருக்கு வர்றியா? அங்க மாடு எல்லாம் இருக்கு."

"நாளைக்கு நான்தான் டப்பா கட்டணும் பெரியம்மா. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். போனை எடுத்துத் தங்கையை அழைத்தார். "இங்கேயே இருக்கட்டும்டி... ஆமா, பார்த்துட்டுத்தான் சொல்றேன்... இல்லைல்ல, விட்டுடலை. அடுத்த எடைக்கும் வருவேன்னு உன் புருஷன்கிட்ட சொல்லு."

அந்தப் புருஷன் ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தார். கத்தி ஒரு நொடி நின்று, மறுபடி நகர்ந்தது.

போனை வைத்துவிட்டுப் பெரியம்மா அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு நீளமாவா நறுக்குவாங்க? சின்னப் புள்ளை எப்படி மெல்லும்? தள்ளுங்க தம்பி."

"நீங்க சொல்லுங்க அண்ணி, நானே நறுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நறுக்கியதை எல்லாம் ஒன்றாகக் குவித்து, மறுபடி பொடியாக நறுக்கத் தொடங்கினார்.