மாடி அறை கிடைக்காத விருந்தாளி

உஸ்பெகிஸ்தானில் மூன்று மாதம் இருந்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஒன்னைய முக்காடு போடச் சொன்னாவளா?" மில்லில் கேட்டார்கள், சபையில் கேட்டார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த 'இல்லை' யாருக்கும் ருசிக்கவில்லை. எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் பார்த்தார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் நூலின் பலத்தையும் முறுக்கையும் சோதிப்பது என் வேலை. உஸ்பெகிஸ்தானில் புதிதாகத் தொடங்கிய ஒரு மில்லில் பெண்களுக்கு அந்த வேலையைப் பழக்கிவிட என்னை அனுப்பினார்கள். அந்த மில்லின் பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பாளர் என் வயதுக்காரி. எனக்கு விடுதி வேண்டாம் என்று சொல்லித் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டாள்.

முதல் நாள் தேநீர் கொடுத்தபோது கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றினாள். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் வந்தவளுக்கு இவ்வளவுதானா? போனில் இருந்த மொழிபெயர்ப்பை வைத்துக் கேட்டேவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம். கொஞ்சமாக ஊற்றினால்தான் திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிக்க முடியும்.

அவர்களுடைய வட்ட ரொட்டியைக் கத்தியால் வெட்டமாட்டார்கள், கையால்தான் பிய்ப்பார்கள். அதைக் கவிழ்த்து வைப்பது பெரிய அவமரியாதை. யாரைப் பார்த்தாலும் வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிவார்கள். சாப்பாட்டுக்கு முன் நான் கண்ணை மூடி ஜெபம் செய்யும்போது, அவளுடைய மாமனார் ரொட்டிக்கு நீட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொள்வார். நான் ஆமென் சொல்லிக் கண் திறந்த பிறகுதான் பிய்ப்பார்.

எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டு இளைய மருமகள், அவளுடைய கொழுந்தனின் மனைவி, விடியுமுன் எழுந்து முற்றத்தோடு தெருவையும் பெருக்குவாள். நாங்கள் சாப்பிடும்போது ஓரத்தில் இருந்து தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்பாள். "இந்தப் பிள்ளை எப்போது சாப்பிடும்?" என்று ஒரு நாள் கோபமாகவே கேட்டேன். "உங்கள் ஊரில் மருமகள்கள் முதலில் சாப்பிடுவார்களா?" என்று தோழி திருப்பிக் கேட்டாள். இரண்டு ஊர் மேலும் எரிச்சல் வந்தது.

அடுத்த வருடம் அவள் ஒரு மாதப் பயிற்சிக்கு எங்கள் மில்லுக்கு வருவதாக முடிவானது. மில் விடுதியில் பெண்கள் தங்க வசதியில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு இருந்த வீட்டில் மாடி அறை காலியாகக் கிடந்தது. அடுத்த வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் எங்கள் சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதம் வாசிப்பவர்.

"அண்ணாச்சி, வெளிநாட்டுல இருந்து என் கூட்டாளி வாரா. ஒரு மாசத்துக்கு மாடி ரூமத் தாங்க."

"வெள்ளக்காரியா? தாராளமா வரட்டும். ஏசி இல்லாம இருப்பாவளா?"

அவள் வருவதற்கு முந்தின நாள் கூப்பிட்டார். "அவிய எந்த மதம்மா?"

"முஸ்லிம்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "மாடி ரூமு ஒழுகுது. இப்போதைக்கு ஏலாது."

மழையைக் கண்டே மாதக்கணக்காகியிருந்தது. "நேத்து வர ஒழுகலியே அண்ணாச்சி?"

"நாலு பேரு நாலு சொல்லுவாவ. நீ படிச்ச பிள்ள, புரிஞ்சுக்கிடணும்."

எதைப் புரிந்துகொள்வது? எனக்காக ரொட்டியை எடுக்காமல் காத்திருந்த கையை நினைத்தேன். மாடி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் கட்டிலையே அவளுக்கு ஒதுக்கினேன்.

பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பையில் இரண்டு ரொட்டிகள் இருந்தன. மறுநாள் காலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் வாசலுக்குப் போய், நெஞ்சில் கைவைத்துக் குனிந்து கொடுத்தாள். அவர் வாங்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டியை வாசல் சுவர்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவள் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

"அவருக்குக் காது கேட்காதா?" என்றாள்.

"ஆமாம், கொஞ்சம் மந்தம்" என்றேன். அந்த மனுஷனைக் காப்பாற்ற நான் பொய் சொல்லவேண்டி வந்ததை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ராஜபாளையம் பஸ்ஸில் வயசானவர் யார் ஏறினாலும் அவள் எழுந்து இடம் கொடுத்தாள். "ஏம்மா, இது லேடீஸ் சீட்டு, ஒக்காரச் சொல்லுங்க" என்று கண்டக்டர் என்னிடம் சலித்துக்கொள்வார். அவள் உட்காரவே மாட்டாள்.

இரண்டாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வாசலிலேயே வீட்டுக்காரர் என்னைப் பிடித்தார். "கண்டவியளத் தங்க வைக்கதுக்கா வீடு குடுத்தேன்? இந்த மாசத்தோட காலி பண்ணிரு."

"பண்ணுதேன் அண்ணாச்சி. காரணத்த இங்கயே எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. ஒழுகுதுன்னு மட்டும் சொல்லாதீய."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். முக்காடு பற்றிக் கேட்ட அம்மாக்களில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "சத்தம் போடாத ஏட்டி. கோயில் வாசல்." அவர் சொன்னது அந்த வாசலில் யார் காதையும் உறுத்தவில்லை. என் குரல்தான் உறுத்தியது.

தோழி ஒன்றும் அறியாமலே பயிற்சியை முடித்து ஊர் திரும்பினாள். நான் ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்தேன். "சொந்தக்காரங்க யாரும் வருவாங்களாம்மா?" என்று புது வீட்டுக்காரர் கேட்டார்.

"வருவாவ. எந்த மதத்துலயும் வருவாவ. யோசிச்சு இப்பமே சொல்லிருங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வந்துட்டுப் போறாக. மோட்டாரப் போட்டா நிப்பாட்ட மறக்காதீக."

பழைய வீட்டுக்காரரைச் சபையில் இன்னும் பார்க்கிறேன். எதுவுமே நடக்காததுபோல், "சொகமா இருக்கியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிறேன்.